ஒரு டன் கம்பி எத்தனை மீட்டர்?

உருக்கின் விலை டன்னுக்குச் சொல்லப்படுகிறது. கட்டட வரைபடமோ மில்லிமீட்டரில் வரையப்படுகிறது. எடையை நீளமாகவும் நீளத்தை எடையாகவும் மாற்றுவது கொள்முதல் செய்பவரின் வேலை. ஒரே ஒரு வகுத்தலில் முடிந்துவிடுவதாகத் தோன்றும் இந்தக் கணக்கில் எத்தனை இடங்களில் கால் இடறும் என்பதை, கட்டுமானப் பணிகளுக்கு உருக்கு வாங்கித் தரும் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். அவற்றை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாகவே இருந்தது.

முதல் பாடம் ஓர் அடித்தள வேலையில் கிடைத்தது. 16 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் 3.70 மீட்டர் நீளமுள்ள 400 துண்டுகள் தேவைப்பட்டன. 400 × 3.70 என்பது 1,480 மீட்டர், 16 மி.மீ. கம்பியின் மீட்டர் எடை, அதாவது ஒரு மீட்டர் நீளத்தின் எடை, 1.578 கிலோ; ஆகவே 2,335 கிலோ என்று கணக்கிட்டு, அந்த எடைக்கே கொள்முதல் ஆணை எழுதிக் கொடுத்தேன். சரக்கு வந்தது. எடை மேடைச் சீட்டில் 2,340 கிலோ என்று இருந்தது, கேட்டதற்குக் குறையவில்லை. ஆனால் கம்பிகளை எண்ணிப் பார்த்தபோது, 12 மீட்டர் நீளத்தில் 120 கம்பிகள் மட்டுமே இருந்தன. ஒரு கம்பியில் மூன்று துண்டுகள்தாம் வெட்ட முடியும் என்பதால் கையில் கிடைத்தவை 360 துண்டுகள். நாற்பது துண்டுகள் குறைந்தன. கான்கிரீட் போடும் நாள் தள்ளிப்போனது.

அன்று இரவு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கூட்டலிலும் பெருக்கலிலும் பிழை எதுவும் இல்லை. விற்பனையாளரும் எடையில் ஏமாற்றவில்லை. எடையை நீளத்தோடு இணைக்கும் எண் மாறாதது என்று நான் நம்பியதுதான் பிழை. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று அதற்கு முன் நான் கேட்டுப் பார்த்ததே இல்லை.

கம்பி வேலை செய்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த வாய்பாடு ஒன்று உண்டு: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் மீட்டர் எடை கிலோவில் கிடைக்கும். பலர் இதை மனப்பாடமாகவே பயன்படுத்துகிறார்கள். இதன் பின்னால் இருப்பது உருக்கின் அடர்த்தி மட்டுமே. ஒரு கன மீட்டர் உருக்கின் எடை 7,850 கிலோ எனக் கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அப்படியானால் ஒரு சதுர மில்லிமீட்டர் வெட்டுப்பரப்பும் (குறுக்காக வெட்டினால் தெரியும் முகத்தின் பரப்பு) ஒரு மீட்டர் நீளமும் கொண்ட உருக்கின் எடை 0.00785 கிலோ. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தை 0.7854 ஆல் பெருக்கக் கிடைப்பது. இரண்டையும் பெருக்கினால் 0.0061654 வரும், அதைத் தலைகீழாக்கினால் 162.2. பின்னத்தை விட்டுவிட்டு 162 என்று வைத்துக்கொள்வதால் ஏற்படும் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இந்த 0.00785 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்திருந்தால் வேறு எந்த வாய்பாட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. வெட்டுப்பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் கண்டுபிடித்து இந்த எண்ணால் பெருக்கினால் எந்த வடிவத்துக்கும் மீட்டர் எடை கிடைத்துவிடும். ஆயிரத்தை அந்த மீட்டர் எடையால் வகுத்தால் ஒரு டன்னுக்கு எத்தனை மீட்டர் என்பதும் தெரிந்துவிடும். 8 மி.மீ. கம்பியின் மீட்டர் எடை 0.395 கிலோ, அது டன்னுக்கு ஏறத்தாழ 2,534 மீட்டர் வரும். 10 மி.மீ. கம்பி 0.617 கிலோ, 1,622 மீட்டர். 12 மி.மீ. கம்பி 0.888 கிலோ, 1,126 மீட்டர். 16 மி.மீ. கம்பி 1.578 கிலோ, 634 மீட்டர். 20 மி.மீ. கம்பி 2.466 கிலோ, 405 மீட்டர். 25 மி.மீ. கம்பி 3.853 கிலோ, 260 மீட்டர். 32 மி.மீ. கம்பி 6.313 கிலோ, 158 மீட்டர். விட்டம் இரண்டு மடங்கானால் நீளம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதை 8, 16, 32 ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உணரலாம். விட்டத்தில் செய்யும் சிறு பிழை நீளத்தில் இரு மடங்குப் பிழையாக வந்து நிற்பதற்கும் இந்த வர்க்கத் தொடர்புதான் காரணம்.

விட்டத்தைச் சொல்லும் முறையிலேயே ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்க முறையில் கம்பிகளுக்கு எண் கொடுக்கிறார்கள். அந்த எண் அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. நான்காம் எண் கம்பி அரை அங்குல விட்டம் உடையது. கம்பி கட்டுபவர்கள் ‘நாலு நூல் கம்பி’ என்று சொல்வதும் இதே கணக்குத்தான். எட்டு நூல் சேர்ந்தது ஓர் அங்குலம். ஆனால் இன்று ‘நாலு நூல்’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது 12 மி.மீ. கம்பி. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; அதன் மீட்டர் எடை 0.994 கிலோ. 12 மி.மீ. கம்பியைவிட இது 12 விழுக்காடு கூடுதல். 12 மி.மீ. என்று எண்ணி ஒரு டன்னில் 1,126 மீட்டர் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, அரை அங்குலக் கம்பி வந்தால் 1,006 மீட்டர்தான் கிடைக்கும். பேச்சில் நூல் கணக்கு இருக்கலாம். ஆணையில் மில்லிமீட்டர் மட்டுமே இருக்க வேண்டும் என்று அதனால்தான் வற்புறுத்துகிறேன்.

இனி என் 2,340 கிலோவுக்கு வருகிறேன். 120 கம்பிகளின் மொத்த நீளம் 1,440 மீட்டர். 2,340 ஐ 1,440 ஆல் வகுத்தால் மீட்டருக்கு 1.625 கிலோ, வாய்பாட்டு எடையைவிட 3 விழுக்காடு கூடுதல். இது குறைபாடுள்ள சரக்கு அன்று. உருட்டாலையில் பழுக்கக் காய்ச்சிய உருக்கு, பள்ளம் வெட்டிய உருளைகளுக்கு இடையில் நசுக்கப்பட்டு நீள்கிறது. ஓட ஓட அந்தப் பள்ளங்கள் தேய்கின்றன; தேயத் தேயக் கம்பி சற்றுப் பருத்து வருகிறது. எனவே எல்லாத் தரநிலைகளும் மீட்டர் எடையில் ஓர் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கின்றன. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1786, ஒரு தொகுதிக் கம்பிகளுக்கு 10 மி.மீ. வரை 7 விழுக்காடும், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 விழுக்காடும், 16 மி.மீ.க்கு மேல் 3 விழுக்காடும் கூடவோ குறையவோ இடம் தருகிறது. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 10080, 8 மி.மீ. வரை 6 விழுக்காடும் அதற்கு மேல் 4.5 விழுக்காடும் அனுமதிக்கிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். ஏ615, எடை பெயரளவு எடையில், அதாவது அந்த விட்டத்துக்கு வர வேண்டிய எடையில், 94 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்கிறது.

இந்த எண்களை வாங்குபவரின் கண்ணோட்டத்தில் படிக்க வேண்டும். எடைக்குப் பணம் கொடுக்கும்போது, 5 விழுக்காடு கனத்த கம்பி என்பது ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்த நீளம். அந்தக் கூடுதல் எடையால் கட்டடம் வலுக் குறைவதில்லை. ஆனால் துண்டுகள் பற்றாமல் போகும். மறுபுறம், கம்பி மெலிந்து வந்தால் அதே பணத்துக்கு அதிக நீளம் கிடைக்கும். அதை இலாபம் என்று எண்ணி மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது கவலையையே தருகிறது. ஏனெனில் வடிவமைத்தவர் கணக்கில் எடுத்தது பெயரளவு வெட்டுப்பரப்பை. துண்டுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒவ்வொன்றின் பரப்பும் குறைந்திருந்தால், தூணிலோ உத்தரத்திலோ இருக்க வேண்டிய உருக்கு அங்கே இல்லை என்று பொருள்.

இதைச் சோதிக்க, விட்டத்தை அளக்கும் வெர்னியர் கருவி உதவாது. கம்பியின் மேல் ஓடும் வரிகளின் உச்சியில் வைத்து அளந்தால் விட்டம் கூடுதலாகவும், இரு வரிகளுக்கு இடையில் வைத்து அளந்தால் குறைவாகவும் காட்டும். பெயரளவு விட்டம் என்பது வரிகளின் எடையையும் சேர்த்து, அதே எடையுள்ள வழுவழுப்பான உருண்டைக் கம்பிக்கு இருக்கக்கூடிய விட்டம். ஆகவே எடைதான் சரியான அளவுகோல். கட்டிலிருந்து ஒரு கம்பியை உருவி, நுனிகள் நேராக இருக்குமாறு ஒரு மீட்டருக்குக் குறையாத துண்டு ஒன்றை வெட்டி, நீளத்தை மில்லிமீட்டர் வரை அளந்து, கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்த வேண்டும். எடையை நீளத்தால் வகுத்து, வருவதை 162.2 ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் உண்மையான விட்டம் கிடைக்கும். 12 மி.மீ. கம்பியின் ஒரு மீட்டர் 0.845 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம், விட்டம் 11.71 மி.மீ. என்று வரும். கண்ணுக்கோ கைக்கோ இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் எடையில் அது 4.8 விழுக்காடு குறைவு. தொகுதி முழுவதும் இப்படியே இருந்தால் ஐ.எஸ். 1786இன் எல்லைக்குள் மயிரிழையில் நிற்கும், ஈ.என். 10080இன் எல்லையைத் தாண்டிவிடும். எந்தத் தரநிலையின்படி வாங்குகிறோம் என்று ஆணையில் எழுதாமல் விட்டால், இப்படிப்பட்ட கம்பியை ஏற்பதா மறுப்பதா என்பதற்கு விடையே இருக்காது.

என் நாற்பது துண்டுப் பற்றாக்குறையில் கனத்த கம்பியின் பங்கு ஏறத்தாழ கால்வாசிதான். வாய்பாட்டு எடையிலேயே கம்பி வந்திருந்தாலும் 2,335 கிலோவுக்கு 123 கம்பிகள் கிடைத்து 369 துண்டுகள்தாம் தேறியிருக்கும். மீதி முப்பத்தொரு துண்டுகளைத் தின்றது வெட்டுச் சேதாரம். 12 மீட்டரிலிருந்து 3.70 மீட்டர் துண்டுகள் மூன்றை எடுத்தால் 0.90 மீட்டர் மிஞ்சும். ஒவ்வொரு கம்பியிலும் 7.5 விழுக்காடு. 400 துண்டுகளுக்குத் தேவை 134 கம்பிகள், அதாவது 1,608 மீட்டர், 2,537 கிலோ. நான் எழுதிக் கொடுத்த 2,335 கிலோவைவிட இது 200 கிலோவுக்கு மேல் கூடுதல். எடையையும் நீளத்தையும் மாற்றும் வகுத்தலில் ‘கம்பி’ என்ற முழு எண் எங்குமே தலைகாட்டுவதில்லை. 1,480 மீட்டர் என்பது தாளில் ஒரே நீண்ட கோடு. தளத்திலோ அது பன்னிரண்டு பன்னிரண்டு மீட்டராக நறுக்கப்பட்டு வருகிறது.

சேதாரத்துக்கென்று பொதுவாக 3 விழுக்காடு, 5 விழுக்காடு எனச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். 12 மீட்டர் கம்பியில் 3.95 மீட்டர் துண்டுகளுக்குச் சேதாரம் 1.25 விழுக்காடு மட்டுமே, 4.05 மீட்டர் துண்டுகளுக்கோ, ஒரு கம்பியில் இரண்டே துண்டுகள் கிடைத்து 3.90 மீட்டர் மிஞ்சுவதால், 32.5 விழுக்காடு. பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டும்போது, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு விழுக்காடு எப்படி இருக்க முடியும்? ஒவ்வொரு விட்டத்துக்கும் வெட்ட வேண்டிய நீளங்களை எல்லாம் வரிசையாக எழுதி, ஒரு நீளத்தின் மிச்சம் இன்னொரு நீளத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, அதன் பிறகே கம்பிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். அளவு பெரியதாக இருந்தால் உருட்டாலையிலேயே வேண்டிய நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லலாம். என் வேலையில் 11.10 மீட்டர் கம்பி கேட்டிருந்தால் மிச்சமே இருந்திருக்காது.

இரு கம்பிகளை இணைக்க அவற்றின் நுனிகளை ஒன்றோடொன்று படியவிடும் லேப் நீளத்தையும் இந்த இடத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். நாற்பது மீட்டர் நீளமுள்ள சுவரில் 16 மி.மீ. கம்பி தொடர்ந்து ஓட வேண்டும், லேப் விட்டத்தைப் போல் ஐம்பது மடங்கு என்றால், ஒவ்வொரு இணைப்பிலும் 0.80 மீட்டர் போகும். நான்கு கம்பிகளுக்கு மூன்று இணைப்புகள். 40 மீட்டருக்கு 42.40 மீட்டர் தேவை. வளைவுகளுக்கான கழிவும், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் கொக்கி நீளமும் கம்பி வளைப்புப் பட்டியலிலேயே வந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

I வடிவப் பீம், C வடிவச் சேனல், L வடிவ ஆங்கிள் போன்ற உருட்டிய வடிவங்களுக்கு வரும்போது ஆபத்து வேறு விதமானது. கம்பியில் விட்டம் தெரிந்தால் எடை தெரியும். பீமில் உயரம் தெரிந்தால் மட்டும் போதாது. ஐரோப்பிய வரிசையில் ‘200’ என்ற எண்ணைத் தாங்கிய நான்கு பீம்களை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.ஈ. 200இன் மீட்டர் எடை 22.4 கிலோ, எச்.ஈ.ஏ. 200இன் எடை 42.3 கிலோ, எச்.ஈ.பி. 200இன் எடை 61.3 கிலோ, எச்.ஈ.எம். 200இன் எடை 103 கிலோ. பத்து டன் என்று எடுத்தால் முதலாவது 446 மீட்டர், இரண்டாவது 236 மீட்டர், மூன்றாவது 163 மீட்டர், நான்காவது வெறும் 97 மீட்டர். நான்குக்கும் உயரம்கூட ஒன்றன்று: எச்.ஈ.ஏ. 200இன் உண்மையான உயரம் 190 மி.மீ., எச்.ஈ.எம். 200இன் உயரம் 220 மி.மீ. ‘200 பீம் பத்து டன்’ என்று தொலைபேசியில் சொல்லப்படும் ஆணைக்கு எந்த நீளத்தையும் பொருளாகக் கொள்ளலாம்.

பிரிட்டிஷ் முறையிலும் அமெரிக்க முறையிலும் மீட்டர் எடை அல்லது அடி எடை பெயரிலேயே அடங்கியிருக்கிறது; இது மிகவும் நல்ல ஏற்பாடு என்பேன். 305 × 165 × 40 என்ற பிரிட்டிஷ் பீமில் கடைசி எண் மீட்டருக்கு உத்தேசமாக எத்தனை கிலோ என்பதைக் குறிக்கிறது. டபிள்யூ 12 × 26 என்ற அமெரிக்கப் பீமில் 12 என்பது அங்குலத்தில் உத்தேச உயரம்; 26 என்பது அடிக்கு இத்தனை பவுண்டு. அடிக்கு ஒரு பவுண்டு என்பது மீட்டருக்கு 1.488 கிலோ, ஆகவே 26 பவுண்டு என்பது 38.7 கிலோ. அதே பீமின் மெட்ரிக் பெயர் டபிள்யூ 310 × 38.7 என்றே அமைந்திருக்கிறது.

இத்துடன் டன் என்ற சொல்லையும் விசாரிக்க வேண்டும். மெட்ரிக் டன் 1,000 கிலோ. அமெரிக்காவில் வழங்கும் குறு டன் 2,000 பவுண்டு, அதாவது 907.2 கிலோ. பழைய பிரிட்டிஷ் நெடு டன் 2,240 பவுண்டு, 1,016 கிலோ. மேலே சொன்ன டபிள்யூ 12 × 26 பீமில் இருபது டன் வாங்கும்போது, மெட்ரிக் டன்னானால் 517 மீட்டர் கிடைக்கும். குறு டன்னானால் 469 மீட்டர். வேறுபாடு 48 மீட்டர். பன்னிரண்டு மீட்டர் பீம்கள் நான்கு. பட்டியலில் ‘டன்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை கிலோ என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே மேலே போவேன்.

பட்டியல் கைவசம் இல்லாதபோது வடிவத்திலிருந்தே எடையைக் காணலாம். தகட்டுக்கு இது மிக எளிது: ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சதுர மீட்டர் தகடு 7.85 கிலோ, 10 மி.மீ. தகடு 78.5 கிலோ. 50 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் கொண்ட பட்டையான பிளாட்டுக்கு 300 சதுர மில்லிமீட்டர், மீட்டருக்கு 2.36 கிலோ. குழாய்க்கு வெளிவிட்டத்திலிருந்து சுவர்க் கனத்தைக் கழித்து, வருவதை அதே கனத்தால் பெருக்கி, 0.02466 ஆல் பெருக்க வேண்டும். இந்த எண் 0.00785 ஐப் பை மதிப்பால் பெருக்கியதே. சாரம் கட்டப் பயன்படும் 48.3 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. கனமும் கொண்ட குழாய்க்கு இதன்படி 4.37 கிலோ வருகிறது; பட்டியலிலும் அதுவே இருக்கிறது. ஆங்கிளுக்கு இரு கைகளின் நீளங்களையும் கூட்டி, கனத்தை ஒரு முறை கழித்து, கனத்தால் பெருக்க வேண்டும். 50 × 50 × 6 ஆங்கிளுக்கு 94 × 6, அதாவது 564 சதுர மில்லிமீட்டர், 4.43 கிலோ. ஐரோப்பியப் பட்டியலில் 4.47 என்று இருக்கும், ஏனெனில் இரு கைகளும் சேரும் உள்மூலையில் வளைவாகக் கொஞ்சம் உருக்கு நிறைந்திருக்கிறது.

சதுரக் குழாயில் மூலைகள் எதிர்த் திசையில் வேலை செய்கின்றன. 100 × 100 × 5 குழாயை மூலைகள் கூர்மையாக இருப்பதாக எண்ணிக் கணக்கிட்டால் 14.9 கிலோ வரும். மூலைகள் உருண்டிருப்பதால், சூட்டில் உருவாக்கிய குழாய் பட்டியலில் 14.7 கிலோ என்றும், குளிர்நிலையில் வளைத்து உருவாக்கிய குழாய், மூலை இன்னும் அகலமாக வளைவதால், 14.4 கிலோ என்றும் இருக்கின்றன. கூர்மூலைக் கணக்கை வைத்து டன்னை மீட்டராக்கினால் குளிர்நிலைக் குழாயில் 3 விழுக்காட்டுக்கு மேல் நீளத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். துத்தநாகப் பூச்சும் எடையைக் கூட்டும். சராசரி 85 மைக்ரான் பூச்சு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 610 கிராம். மீட்டருக்கு முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான மேற்பரப்பு கொண்ட ஐ.பி.ஈ. 200 பீமில் அது 2 விழுக்காடு. பூச்சிட்ட பின் நிறுத்த எடையைப் பூச்சிடாத மீட்டர் எடையால் வகுப்பது சரியன்று.

உருட்டிய பீம்களுக்கும் எடையில் ஏற்ற இறக்கம் உண்டு. ஈ.என். 10034 இதை 4 விழுக்காடு என்றும், ஏ.எஸ்.டி.எம். ஏ6 இதை 2.5 விழுக்காடு என்றும் வரையறுக்கின்றன. கம்பியைவிடப் பீமில் அதிகம் தொல்லை தருவது நீளத்தில் அனுமதிக்கப்படும் ஏற்ற இறக்கம். ஈ.என். 10034இன்படி, வேறு எதுவும் சொல்லாவிட்டால், நீளம் 50 மி.மீ. கூடலாம் அல்லது குறையலாம். 12 மீட்டர் பீமிலிருந்து 4 மீட்டர் துண்டுகள் மூன்று எடுக்கத் திட்டமிட்டு, கையில் வந்தது 11.95 மீட்டர் என்றால் மூன்றாவது துண்டு பயனற்றுப்போகும். நீளம் சரியாக 12 மீட்டராகவே இருந்தாலும் இரம்பம் தின்னும் இரண்டு வெட்டுகளுக்கு இடமில்லை. குறைந்தபட்ச நீளம் வேண்டும் என்று ஆணையில் குறிப்பிட்டால் அதே தரநிலை குறைவை முற்றிலும் நீக்கி, 100 மி.மீ. வரை கூடுதலை மட்டும் அனுமதிக்கிறது. அந்த ஒரு வரியை எழுதுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

சில நேரங்களில் முழு வேலைக்கும் சேர்த்து ‘உருக்கு நாற்பது டன்’ என்று ஒரே வரியில் அளவுப் பட்டியல் கொடுத்து, இது எத்தனை மீட்டர் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. பல வடிவங்கள் கலந்த எடைக்கு நீளம் என்று ஒன்று இல்லை. மேலும் அந்த நாற்பது டன்னுக்குள் இணைப்புத் தகடுகளும் போல்ட்டுகளும் அடங்கியிருக்கலாம். அவற்றையும் பீம் எடையாகக் கருதி வகுத்தால் வரைபடத்தில் இல்லாத பீம்களுக்கு ஆணை கொடுத்துவிடுவோம். முதலில் வடிவ வாரியாகவும் தரம் வாரியாகவும் பிரிக்க வேண்டும். இணைப்புகளுக்கான எடையைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு வடிவத்துக்கும் அதனதன் மீட்டர் எடையால் வகுக்க வேண்டும். அப்போதும் வரும் நீளம் ஒரு சரிபார்ப்புக்குத்தான் உதவும். ஆணைக்கான நீளம் வரைபடத்திலிருந்தே வர வேண்டும்.

இப்போது நான் எழுதும் ஆணைகளில் எடை கடைசியில்தான் வருகிறது. வடிவத்தின் முழுப்பெயர், தரநிலை, உருக்கின் தரம், ஒரு கம்பியின் அல்லது பீமின் நீளம், அந்த நீளத்தின் ஏற்ற இறக்கம், எண்ணிக்கை ஆகியவற்றை முதலில் எழுதுகிறேன். அடுத்து பட்டியலில் உள்ள மீட்டர் எடையும் அதன்படி வரும் மொத்த எடையும். இதைக் கணக்கு எடை என்று அழைக்கிறேன். பணம் கணக்கு எடைக்கா, எடை மேடையில் நிற்கும் எடைக்கா என்பதையும் தனி வரியில் எழுதிவிடுகிறேன். கணக்கு எடைக்கு விலை பேசினால் கனத்த கம்பியின் சுமை விற்பவருடையது. ஆனால் மெலிந்த கம்பியை அனுப்பும் ஆசைக்கும் அது இடம் கொடுக்கிறது என்பதால், அப்போது துண்டு வெட்டி நிறுத்துப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்ப்பதில்லை. மேடை எடைக்கு விலை பேசினால் நிலைமை இதற்கு நேர்மாறானது: கனத்த கம்பிக்கு நாம்தான் பணம் கொடுக்கிறோம். எந்த முறையானாலும், வரவேண்டிய எண்ணிக்கை குறையக் கூடாது என்ற நிபந்தனை மாறுவதில்லை.

சரக்கு வந்து இறங்கும்போது இரண்டு எண்களைக் குறித்துக்கொள்கிறேன்: எண்ணிப் பார்த்த கம்பிகள், வண்டியின் வெற்று எடையைக் கழித்த மேடை எடை. அந்த அடித்தள வேலைக்குப் பிறகு வேறோர் இடத்தில் அதே 16 மி.மீ. கம்பியை 12 மீட்டரில் 134 என்று எண்ணிக்கையாகவே கேட்டேன். 134 வந்தன. மேடை எடை 2,590 கிலோ. 1,608 மீட்டரால் வகுத்தபோது மீட்டருக்கு 1.611 கிலோ, அதாவது 2 விழுக்காடு கனம் என்று தெரிந்தது. தரநிலையின் எல்லைக்குள் இருந்ததால் ஏற்றுக்கொண்டேன். மறுநாள் காலையில் வெட்டத் தொடங்கினார்கள். நானூறாவது துண்டை வெட்டிய பிறகு கடைசிக் கம்பியில் 8.30 மீட்டர் மிஞ்சியிருந்தது. அதை விட்டமும் நீளமும் எழுதிய சீட்டுடன் தனியே அடுக்கி வைத்தோம்; அடுத்த வேலைக்கான வெட்டுப் பட்டியலின் முதல் வரியில் அந்த 8.30 மீட்டரையே எழுதினேன்.